செய்திக்குள் போய் நிற்கலாம், எதற்காக?

2012 ஜனவரி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்ற மலையூரில் சன்டான்ஸ் திரைப்பட விழா நடந்துகொண்டிருந்தது. அங்கே கனமான ஒரு கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டவர்கள், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துத் தேவாலயம் ஒன்றின் வெளியே இலவச உணவுக்காக நீண்டிருந்த வரிசையைக் கண்டார்கள். உணவு தீர்ந்துவிடுமோ என்ற பதற்றம் கூட்டத்தில் பரவுகிறது. வழங்கும் பெண்மணி சமாளிக்க முடியாமல் சத்தம் போடுகிறார். வரிசையில் நின்ற ஒருவர் திடீரெனச் சரிந்து விழுகிறார். அவர் நீரிழிவு நோயாளி. ரத்தச் சர்க்கரை இறங்கி நினைவிழந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் சட்டென்று அவர் அருகே மண்டியிட்டார்கள். சிலர் அவரை மிதித்துவிடக் கூடாதே என்று கால் பார்த்து ஒதுங்கினார்கள். அவர்கள் நின்ற அறையின் தரையிலோ யாரும் இல்லை.

அந்தப் படைப்பின் பெயர் ‘ஹங்கர் இன் லாஸ் ஏஞ்சலீஸ்’. உருவாக்கியவர் நானி டி லா பென்யா. நியூஸ்வீக் வார இதழுக்குச் செய்தியாளராக இருந்தவர். 2010இல் அந்த உணவு வரிசையில் உண்மையிலேயே நடந்ததை அவருடைய குழுவினர் ஒலிப்பதிவு செய்திருந்தார்கள். எனவே காதில் விழுந்த குரல்கள் அத்தனையும் நிஜம். கண்ணில் பட்ட மனிதர்களோ கணினியில் செய்யப்பட்டவர்கள். பழைய வீடியோ கேமில் வருபவர்களைப் போல விறைப்பாக நடந்தார்கள். அந்தக் கருவியைச் செய்ய உதவிய பால்மர் லக்கி என்ற 19 வயது இளைஞர், அதே ஆண்டில் ‘ஆக்குலஸ்’ என்ற பெயரில் மலிவான ஹெட்செட் ஒன்றைச் செய்யப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 2014இல் அந்த நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. வி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மெய்நிகர் உண்மைத் தொழில்நுட்பம் பொதுச் சந்தைக்கு வந்த கதையில், ஒரு செய்தியாளருக்கும் ஓர் உணவு வரிசைக்கும் இப்படி ஒரு பங்கு உண்டு.

தொலைக்காட்சியில் இதைவிடப் பல மடங்கு தெளிவான காட்சிகளைத் தினமும் பார்க்கிறோம். வெள்ளம், விபத்து, போர் எல்லாம் வந்து போகின்றன. நாம் யாரும் மண்டியிடுவதில்லை. விறைத்த பொம்மை உருவம் ஒன்றின் முன்னால் மட்டும் முழங்கால் ஏன் மடங்குகிறது? செய்தித் துறைக்கு வி.ஆர். எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்பது இந்தக் கேள்விக்கான விடைக்குள்தான் இருக்கிறது.

மூளை எதை நம்புகிறது?

வி.ஆர். ஹெட்செட் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டுவது. நம் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் இரு கண்களும் ஒரே பொருளை இரண்டு கோணங்களில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டோன் 1838இலேயே இதைக் கண்ணாடிகளை வைத்துச் செய்துகாட்டிவிட்டார்.

இரண்டாவது வேலைதான் முக்கியம். தலை திரும்பும்போது அதற்கேற்பக் காட்சியும் மாற வேண்டும். ஹெட்செட்டில் உள்ள உணரிகள் தலையின் ஒவ்வோர் அசைவையும் அளந்து, புதிய கோணத்துக்கான படத்தைக் கணினியிடம் கேட்கின்றன. தலை அசைவதற்கும் படம் மாறுவதற்கும் இடையே 20 மில்லி நொடிக்கு மேல் போகக் கூடாது என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுவான வரம்பு. அதற்காகத்தான் நல்ல ஹெட்செட்டுகள் நொடிக்கு 90 படங்கள் காட்டுகின்றன. தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து தலையைத் திருப்பினால் வீட்டுச் சுவர் தெரிகிறது. மூளை உடனே கணக்கைத் தீர்த்துவிடுகிறது. ஹெட்செட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த உணவு வரிசைதான். உடம்பு செய்வதும் கண் காண்பதும் ஒத்துப்போகும்வரை, படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

பார்சிலோனாவில் ஆய்வு செய்துவந்த மெல் ஸ்லேட்டர் 2009இல் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று, ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்ற இட மாயை. மற்றொன்று, ‘இங்கே நடப்பது நிஜமாகவே நடக்கிறது’ என்ற நிகழ்வு மாயை. முதலாவதை உடலசைவும் காட்சியும் சேர்ந்து உண்டாக்குகின்றன. இரண்டாவது, அந்த உலகம் நம்மைப் பொருட்படுத்துகிறதா, நமக்குத் தெரிந்த விதிகளின்படி நடக்கிறதா என்பதைப் பொறுத்தது. இரண்டும் பொய் என்று பார்ப்பவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உடல் எதிர்வினை காட்டுகிறது.

ஸ்லேட்டரும் டி லா பென்யாவும் சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. பங்கேற்றவர்கள் நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்செட்டுக்குள் அவர்களுக்குக் காட்டப்பட்ட ‘தம் உடல்’, அமெரிக்காவின் குவான்டனாமோ சிறைக் கைதிகளைப் போல வலியெடுக்கும் நிலையில் குனிந்திருந்தது. பக்கத்து அறையிலிருந்து விசாரணைக் குரல் கேட்டது. பிறகு கேட்டபோது, தாங்களும் அப்படிக் குனிந்து உட்கார்ந்திருந்ததாகவே உணர்ந்தோம் என்று பலர் சொன்னார்கள்.

இந்த ஒத்திசைவு குலைந்தால் தலை சுற்றும். ஊட்டி மலைப்பாதையில் பேருந்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தால் குமட்டுகிறதல்லவா? உள்காது ‘வளைகிறோம்’ என்கிறது. கண் ‘அசையாத தாளைப் பார்க்கிறேன்’ என்கிறது. வி.ஆரில் இதே முரண்பாடு தலைகீழாக நடக்கிறது: காட்சி நகர்கிறது, உடம்பு நாற்காலியில் கிடக்கிறது. ஓடும் ஜீப்பிலிருந்து எடுத்த காட்சி டிவியில் விறுவிறுப்பாக இருக்கும்; ஹெட்செட்டில் வாந்தி வரும்.

இதழியல் வகுப்பில் முதல் நாளே ஆறு கேள்விகள் சொல்லித்தருவார்கள்: யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி. மேலே பார்த்த அறிவியலை வைத்துப் பார்த்தால், இவற்றில் வி.ஆர். உடல் வழியாகப் பதில் சொல்வது ‘எங்கே’ என்ற ஒரே கேள்விக்குத்தான். இடத்தின் அளவு, தூரம், உயரம், எங்கிருந்து எது தெரியும் என்பதையெல்லாம் அது சொல்லாமலே விளங்கவைக்கும். மற்ற ஐந்துக்கும் எழுத்தும் குரலும் ஆவணமும்தான் வேண்டும். இதை மறந்தபோது இந்தத் துறை தடுமாறியது. நினைவில் வைத்துச் செய்தவை இன்றும் நிற்கின்றன.

பத்து லட்சம் அட்டைப் பெட்டிகள்

2014இல் கூகுள் ‘கார்ட்போர்ட்’ என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. மடித்த அட்டை, இரண்டு லென்ஸ், நடுவே நம் செல்போன். அவ்வளவுதான். 2015 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ், வீட்டுக்கு நாளிதழ் வாங்கும் சந்தாதாரர்களுக்கு இத்தகைய அட்டைப் பெட்டிகளை 10 லட்சத்துக்கும் மேல் இலவசமாக அனுப்பியது. அதோடு வந்த படம் ‘தி டிஸ்பிளேஸ்டு’. போரால் வீடிழந்த மூன்று குழந்தைகளின் கதை அது: உக்ரைனில் இடிந்த ஊருக்குத் திரும்பிய ஒரு சிறுவன், சிரியாவை விட்டு ஓடிவந்து லெபனான் வயல்களில் கூலி வேலை செய்யும் ஒரு சிறுமி, தெற்கு சூடானின் சதுப்பு நிலத்தில் ஒளிந்து பிழைத்த ஒரு சிறுவன்.

இது 360 டிகிரி காணொளி. கணினியில் செய்த உலகம் அல்ல. கேமரா எடுத்த நிஜம். பல லென்ஸ்கள் எல்லாத் திசைகளையும் ஒரே நேரத்தில் படம்பிடிக்கும். பிறகு அவற்றை ஓரங்களில் தைத்து ஒரு கோளமாக்குவார்கள். தையலில்தான் தகராறு. இரண்டு லென்ஸ்கள் இரண்டு இடங்களில் இருப்பதால், பக்கத்தில் வரும் பொருளை அவை ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. ஆள் கேமராவை ஒட்டி நடந்தால், தையல் கோட்டில் அவர் தோள் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் பிளந்து தெரியும். அதனால் ஆட்களைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துவார்கள்.

தள்ளி நின்றால் வேறு சிக்கல். 4கே காணொளியின் அகலம் 3,840 புள்ளிகள். டிவியில் அது மிகத் தெளிவு. அதையே 360 டிகிரிக்கும் பரப்பினால், ஒரு டிகிரிக்குக் கிடைப்பது 11 புள்ளிகூட இல்லை. நல்ல பார்வையுள்ள கண்ணோ டிகிரிக்குச் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்தறியும். விளைவு, பத்தடி தள்ளி நிற்பவரின் முகத்தில் ஓடும் உணர்ச்சி மங்கிவிடும். கடைப் பலகையின் எழுத்தைப் படிக்க முடியாது. மனித முகத்தை நெருங்கிக் காட்டுவதுதான் சினிமாவும் செய்திப்படமும் ஒரு நூற்றாண்டாக நம்பியிருக்கும் ஆயுதம். 360 கேமராவிடம் அது இல்லை. அதனிடம் இருப்பது நிலம், வானம், சுற்றிலும் உள்ள இடம். ‘தி டிஸ்பிளேஸ்டு’ படத்தில் தெற்கு சூடானின் வானத்திலிருந்து விமானம் உணவு மூட்டைகளைப் போட, மக்கள் அவற்றை நோக்கி ஓடும் காட்சி பலருக்கும் மனதில் நின்றதற்கு இதுவே காரணம். அண்ணாந்து பார்க்கலாம், திரும்பி ஓடுபவர்களைப் பார்க்கலாம். அந்தச் சமவெளியின் பரப்பு உடம்புக்குப் புரிகிறது.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. எல்லாத் திசையும் படத்தில் விழும் என்றால் படக்குழு எங்கே போவது? மரத்துக்குப் பின்னால், சுவருக்கு அப்பால், கேமராவைத் தனியே விட்டுவிட்டு. அந்த நேரத்தில் நடப்பது தானாக நடந்ததா, ‘இப்படி நடந்து போ தம்பி’ என்று சொல்லி நடந்ததா? காலடியில் தெரியும் முக்காலியை மென்பொருளால் அழிப்பது வழக்கம். புகைப்படச் செய்தியில் ஒரு கம்பத்தை அழித்தாலே வேலை போகும் துறையில் இதை எப்படி அனுமதிப்பது? அப்போது அந்த நாளிதழில் வாசகர் சார்பில் கேள்வி கேட்கும் பொறுப்பில் இருந்த மார்கரெட் சல்லிவன், இத்தகைய சிக்கல்களைப் பற்றித் தம் பத்தியில் எழுதினார்.

கருணை பெருகியதா?

அதே 2015இல் ஜோர்டானின் ஸாத்தரி அகதிகள் முகாமில் எடுத்த ‘கிளவுட்ஸ் ஓவர் சிட்ரா’ என்ற ஐ.நா. படமும் பேசப்பட்டது. 12 வயதுச் சிறுமி தன் முகாமைச் சுற்றிக்காட்டும் படம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ் மில்க், டெட் (TED) உரை மேடையில் வி.ஆரைப் பரிவை உண்டாக்கும் உச்சபட்ச எந்திரம் என்று வருணித்தார். செய்தி நிறுவனங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அந்தச் சொல் பிடித்துப்போயிற்று.

ஆய்வுகள் சொல்வது அவ்வளவு எளிமையாக இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரமி பெய்லன்சன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வேலையிழந்து வீடிழக்கும் ஒருவரின் அனுபவத்தைச் சிலர் வி.ஆரில் கண்டார்கள், சிலர் எழுத்தில் படித்தார்கள். மலிவு வீட்டுவசதிக்கு ஆதரவான மனுவில் வி.ஆர். பார்த்தவர்களில் 82 சதவீதத்தினரும் படித்தவர்களில் 67 சதவீதத்தினரும் கையெழுத்திட்டார்கள். வேறுபாடு நிஜம்தான். ஆனால் வெறும் எழுத்தே மூன்றில் இரண்டு பேரைக் கையெழுத்திட வைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு, வி.ஆர். உணர்ச்சி வழிப் பரிவைக் கூட்டுகிறது, அடுத்தவரின் நிலையை அறிவால் புரிந்துகொள்ளும் திறனைக் கூட்டவில்லை என்ற முடிவுக்கு வந்தது. மனம் இளகுகிறது, விளக்கம் கிடைப்பதில்லை. ‘ஏன்’ என்ற கேள்விக்கு ஹெட்செட்டில் பதில் இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

உளவியலாளர் பால் புளூம் இதற்கு ஒரு காரணம் சொன்னார். அகதியின் துன்பம் முகாமின் தோற்றத்தில் இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாத பயத்தில் இருக்கிறது. ஹெட்செட்டை எந்த நொடியிலும் கழற்றிவிடலாம் என்று தெரிந்தவருக்கு அந்தப் பயம் வராது.

2017 அக்டோபரில், புயல் சூறையாடிய போர்ட்டோ ரீக்கோவின் 360 காட்சிக்குள் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் கார்ட்டூன் உருவமாக வந்து நின்றார். வெள்ளம் சூழ்ந்த தெருக்கள் பின்னணியில் விரிய, அவரும் சக ஊழியரும் சிரித்தபடி கையோடு கை தட்டிக்கொண்டார்கள். கண்டனம் எழுந்தது, மன்னிப்புக் கேட்டார். அவர் நிவாரணத்தைப் பற்றியும் பேசத்தான் வந்தார். ஆனால் ஓர் இடத்துக்குள் நிற்பதே அந்த மக்களின் பக்கம் நிற்பதாகிவிடாது.

இடமே செய்தியாகும்போது

2016இல் கார்டியன் நாளிதழ் வெளியிட்ட முதல் வி.ஆர். படைப்பின் பெயரே ஓர் அளவு: ‘6க்கு 9’. அமெரிக்கச் சிறைகளின் தனிமைக் கொட்டடி ஆறடிக்கு ஒன்பதடி. நாளில் 22, 23 மணி நேரம் அதற்குள். பார்ப்பவர் கட்டிலின் மேல் உட்கார்ந்திருப்பதாக அமைத்தார்கள். கழிப்பறைத் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் முகத்தில் இடிப்பதுபோல் நிற்கிறது. தனிமையில் இருந்தவர்களின் குரல்கள் கேட்கின்றன. நேரம் போகப் போகப் பார்வை கலங்கி, உடம்பு மிதப்பதுபோல ஆகிறது. நீண்ட தனிமையில் மூளைக்கு நேர்வதாகக் கைதிகளும் உளவியலாளர்களும் சொன்னவற்றின் சாயல். ஆறு, ஒன்பது என்ற எண்களைத் தாளில் படித்தால் அவை எண்கள். இங்கே அவை தோளில் உரசுகின்றன. நகர இடமில்லாத கதை என்பதால், எழுந்து நடக்க முடியாத எளிய ஹெட்செட்டின் குறையும் கதைக்குப் பொருந்திப்போனது.

அடுத்த ஆண்டு டி லா பென்யாவின் குழுவும் பிரன்ட்லைன் தொலைக்காட்சித் தொடரும் சேர்ந்து ‘ஆஃப்டர் சாலிட்டரி’ படைப்பில் இன்னொரு படி போனார்கள். மெய்ன் மாநிலச் சிறையின் ஓர் அறையை நூற்றுக்கணக்கான கோணங்களில் படமெடுத்து, அவற்றில் பொதுவாகத் தெரியும் புள்ளிகளைக் கணினி ஒப்பிட்டு, அறையின் முப்பரிமாண வடிவத்தைக் கட்டும் முறையைப் பயன்படுத்தினார்கள். சுவரின் கீறல்வரை அந்த அறையிலேயே எடுத்தது. அதற்குள் பார்ப்பவர் எழுந்து நடக்கலாம்.

செய்தித் துறைக்கு வெளியே இதன் பயன் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் முன்னாள் காவலர்கள் மீதான வழக்குகளில், ‘அங்கே நடந்தது எனக்குத் தெரியாது’ என்பது வழக்கமான வாதம். ஜெர்மனியின் பவேரிய மாநிலக் குற்றப்புலனாய்வுத் துறை, பழைய வரைபடங்களையும் அக்காலப் புகைப்படங்களையும் களத்தில் எடுத்த லேசர் அளவீடுகளையும் கொண்டு அந்த முகாமை வி.ஆரில் எழுப்பியது. மரங்கள்கூட அந்தந்த இடத்தில் நின்றன. காவல் கோபுரத்தில் ஏறி நின்று பார்த்தால் எது தெரியும், எதை மரம் மறைக்கும் என்று விசாரணையாளர்கள் சோதிக்க முடிந்தது. அழவைப்பது அதன் நோக்கமே அல்ல. ஒருவர் நின்ற இடத்திலிருந்து உண்மை தெரிந்திருக்குமா என்ற கேள்விக்கு விடை தேடியது.

இந்தியாவிலும் முயற்சி நடந்தது. இயக்குநர் ஆனந்த் காந்தியின் மீமெசிஸ் கல்ச்சர் லேப் 2016இல் ‘எல்ஸ்விஆர்’ என்ற வி.ஆர். இதழைத் தொடங்கியது. அதில் ஃபைஸா அகமது கான் எடுத்த ‘காஸ்ட் ஆஃப் கோல்’, சத்தீஸ்கரின் கோர்பாவில் நிலக்கரிச் சுரங்கங்களிடம் நிலத்தை இழந்தவர்களைப் பற்றியது. இதுவும் அடிப்படையில் இடத்தின் கதைதான்.

தெரியாததை என்ன செய்வது?

கணினியில் ஒரு சம்பவத்தை எழுப்பும் செய்தியாளருக்கு, எழுதும் செய்தியாளருக்கு இல்லாத ஒரு நெருக்கடி உண்டு. எழுத்தில், தெரியாததை எழுதாமல் விடலாம். ‘ஒருவர் அறைக்குள் நுழைந்தார்’ என்று எழுதினால் போதும். அவர் சட்டை என்ன நிறம், கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வி.ஆரில் சட்டைக்கு ஏதாவது ஒரு நிறம் கொடுத்தாக வேண்டும். சுவருக்கு ஓர் உயரம், முகத்துக்கு ஒரு பாவனை, கையில் இருந்ததற்கு ஒரு வடிவம் கொடுத்தாக வேண்டும். ஆதாரம் இல்லாத இடத்திலும் ஏதோ ஒன்று நின்றே தீரும். மேலே பார்த்தபடி, அப்படி நிற்பதை மூளை ஆதாரம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். இட மாயையின் பலமும் அபாயமும் ஒரே நரம்பில் ஓடுகின்றன.

இதற்கு நேர்மையான வழிகள் இருக்கின்றன. ஆதாரம் உள்ள பகுதிகளை முழு வண்ணத்திலும், ஊகித்தவற்றை வெறும் சாம்பல் உருவங்களாகவும் காட்டலாம். ஒலி அசலா, நடிகர்கள் பேசியதா என்று தொடக்கத்திலேயே சொல்லலாம். எல்லாவற்றையும்விட, பார்ப்பவரை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2010இல் அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் காவல் படையினர் தாக்கி ஒருவர் இறந்த சம்பவத்தை டி லா பென்யா ‘யூஸ் ஆஃப் ஃபோர்ஸ்’ என்ற படைப்பில் எழுப்பினார். அங்கிருந்தவர்கள் செல்போனில் எடுத்த காட்சிகள்தான் அதற்கு அடிப்படை. பார்ப்பவரும் அந்தச் சாட்சிகளோடு நின்றுதான் பார்க்கிறார். ஆதாரம் எங்கிருந்து கிடைத்ததோ அங்கேயே வாசகரையும் நிறுத்துவது நல்ல விதி. இறந்தவரின் கண் வழியாகக் காட்டியிருந்தால் பதைபதைப்பு கூடியிருக்கும். அந்தக் கண்ணிலிருந்து நமக்கு வந்த ஆதாரம் எதுவும் இல்லை.

அலை வடிந்த பிறகு

2016 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளுக்கு ஒரு 360 காணொளி என்று தொடங்கிய திட்டம் நீடிக்கவில்லை. பி.பி.சி. தன் வி.ஆர். குழுவை 2019இல் கலைத்தது. கூகுள் 2021இல் அட்டைப் பெட்டி விற்பனையை நிறுத்தியது. காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். காலைச் செய்தியைக் காபியோடு பார்ப்பவர் அதற்காகத் தலையில் ஒரு பெட்டியை மாட்ட மாட்டார். இரண்டு நிமிடத்தில் படித்துவிடக்கூடியதைப் பத்து நிமிடம் சுற்றிச் சுற்றிப் பார்க்கவும் மாட்டார். நாளுக்கு ஒன்று என்று வைத்ததே, இடம் முக்கியமில்லாத செய்திகளையும் இந்தச் சட்டகத்தில் திணிக்க வைத்தது. திருவிழாவும் சந்தையும் 360இல் அழகாக இருந்தன. அழகு மட்டும் செய்தியாகாது.

ஹெட்செட் மோகம் வடிந்தாலும் கற்றுக்கொண்ட கைத்தொழில் வீணாகவில்லை. புகைப்படங்களிலிருந்து கட்டடத்தை எழுப்புவது, சாட்சிகளின் காணொளிகளை ஒரே வரைபடத்தில் பொருத்துவது, எங்கிருந்து எது தெரிந்திருக்கும் என்று கோடு போட்டுப் பார்ப்பது ஆகியவை இன்று புலனாய்வு இதழியலின் வழக்கமான கருவிகளாகிவிட்டன. பெரும்பாலும் நாம் அவற்றைச் சாதாரணத் திரையிலேயே பார்த்துவிடுகிறோம். ஹெட்செட் எப்போது தேவை என்று முடிவுசெய்ய ஆசிரியருக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: பார்ப்பவர் நிற்கும் இடம் மாறினால் இந்தச் செய்தியில் அவர் அறிந்துகொள்வது மாறுமா? மாறும் என்றால் செலவைப் பார்க்காமல் கட்டலாம். மாறாது என்றால் நல்ல செய்தியாளர் ஒருவரை அனுப்பி எழுதச் சொல்லலாம். அவர் ‘ஏன்’ என்றும் கேட்டுக்கொண்டு வருவார்.